அக்கா கட்டிய ஃபீஸ்... எந்தக் கணக்கில் எழுதுவது?

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பையனின் பிளஸ் டூ மார்க்‌ஷீட்டை மேஜையில் வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட், ஹாஸ்டல், இதர செலவுகள் என நான்கு வருடத்துக்கு 12 லட்சம் ரூபாயாவது ஆகும் போலிருந்தது.

அடுப்படியிலிருந்து காபி டம்ளரோடு வந்த மகள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். அவள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். மூன்று வருடத்துக்கும் சேர்த்து நாங்கள் அவளுக்குச் செலவழித்தது, பஸ் சார்ஜ் உள்பட, 60,000 ரூபாயைத் தாண்டாது.

“அம்மா, நான் மார்க் எடுத்தேன், உங்களுக்குக் காசு மிச்சம். அவன் எடுக்கலை, அவனுக்கு 12 லட்சம். அப்போ நல்லா படிச்சதுக்கு எனக்கு என்ன?”

சண்டை போடும் குரலில் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரார் கணக்கையெல்லாம் வரவு, செலவு பார்த்து நேர் செய்வதுதான் என் தொழில். ஆனால், வீட்டில் பிள்ளைகள் படிப்புக்குச் செய்த செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது எனக்கு இன்றுவரை தகராறாகவே இருக்கிறது. ஏனென்றால், இந்தக் கேள்வியை இரண்டு வருடத்துக்கு முன்பு என் பிறந்த வீட்டில் நானே எழுப்பியிருக்கிறேன்.

மூன்று பிள்ளைகள்... மூன்று விதம்!

திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். அப்பா பஸ் கண்டக்டர். நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், தம்பி.

அக்கா 1994-ல் பிளஸ் டூ முடித்தாள். 1,200-க்கு 1,021. எங்கள் பள்ளியில் அந்த வருடம் இரண்டாம் இடம். கல்லூரி விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். ஆனால், அப்போது பாட்டி படுக்கையில் இருந்தார். “ஒரு வருஷம் போகட்டும்” என்றார் அப்பா. அந்த ஒரு வருஷத்தில் அக்கா டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து, ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். மாதம் 900 ரூபாய். அதற்குப் பிறகு அந்த ‘ஒரு வருஷம்’ முடியவே இல்லை.

1997-ல் நான் பி.காம் சேர்ந்தபோது, முதல் வருட ஃபீஸைக் கட்டியது அக்காவின் சம்பளம். புத்தகம், பஸ் பாஸ், இரண்டு செட் சுடிதார், எல்லாமே அவள்தான். மூன்று வருடமும் அவள்தான்.

2000-ல் தம்பிக்கு இன்ஜினீயரிங். மார்க் கொஞ்சம் குறைவு. கிணற்றடி நிலம் ஒரு ஏக்கர் 20 சென்டை 1,40,000 ரூபாய்க்கு விற்று அப்பா அவனைச் சேர்த்தார். “ஆம்பளப் புள்ள, நாளைக்குக் குடும்பத்தைத் தாங்கணும்” என்பது அன்றைக்கு எல்லா வீடுகளிலும் சொல்லப்பட்ட காரணம். நாங்களும் அதை நம்பினோம். தம்பி படித்தான், நல்ல வேலைக்குப் போனான். அக்காவுக்கு 2002-லும், எனக்கு 2003-லும் கல்யாணம் ஆனது.

அப்பா 2022-ல் தவறினார். உயில் எதுவும் எழுதவில்லை. அடுத்த வருடம், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த 6 சென்ட் காலி மனையைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அம்மா எங்களைக் கூப்பிட்டார். “எனக்குப் பங்கு வேண்டாம். மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு சென்ட் எடுத்துக்கங்க” என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “தம்பிக்கு நிலத்தை வித்துப் படிக்க வெச்சீங்களேம்மா... அதையும் கணக்குல சேர்க்க வேணாமா?”

தம்பியின் முகம் மாறிவிட்டது. “நானா சின்னக்கா விக்கச் சொன்னேன்? எனக்கு அப்போ 17 வயசு. அப்பாவுக்கு டயாலிசிஸ் நாலு வருஷம் யார் பார்த்தா? அதையும் எழுதுங்க” என்றான். அவன் சொன்னதும் உண்மைதான்.

அக்கா ஒன்றும் பேசாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தம்பியின் படிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால், என் படிப்பையும் சேர்க்க வேண்டும். தம்பியின் படிப்புக்கு நிலம் போனது. என் படிப்புக்கு அக்காவின் படிப்பே போனது. கடன்காரனைக் கேள்வி கேட்க வந்த நானும் ஒரு கடன்காரிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பத்திரம் எழுத வழக்கறிஞரிடம் போனபோது, இதைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கு முன்னாடியே லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயிருக்கும்மா” என்றார்.

அவர் சொன்ன விவரம் சுவாரஸ்யமானது. கூட்டுக் குடும்பச் சொத்தைச் செலவழித்து ஒருவர் சிறப்புக் கல்வி பெற்றால், அந்தக் கல்வியால் அவர் சம்பாதிப்பதும் கூட்டுக் குடும்பச் சொத்தே என்று அந்தக் காலத்தில் நீதிமன்றங்கள் கருதின. ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரின் சம்பாத்தியம் தொடர்பான வழக்கில், பிரிவி கவுன்சில் 1921-ல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அதாவது, ‘நம்ம வீட்டுக் காசுல படிச்சே, உன் சம்பளத்துல எங்களுக்கும் பங்கு உண்டு’ என்பது அன்றைக்குச் சட்டமாகவே இருந்தது.

படித்து வேலைக்குப் போனவர்களுக்கு இது பெரும் சங்கடமானது. எம்.ஆர்.ஜெயகர் முன்னெடுத்த ‘இந்து கல்வி ஈட்டுச் சொத்துச் சட்டம்’ 1930-ல் வந்தது. யார் பணத்தில் படித்திருந்தாலும், படிப்பால் சம்பாதித்தது அவரவருடைய தனிச் சொத்து என்று அது தெளிவாகச் சொல்லிவிட்டது.

இன்றைய நிலை என்ன? அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் சம பங்கு. யாருடைய படிப்புக்கு எவ்வளவு செலவானது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளச் சொல்லும் விதி அதில் கிடையாது. அதைச் சரிக்கட்ட வேண்டுமென்றால், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே உயில் எழுத வேண்டும். அல்லது, பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

“உனக்குத்தான் நகை போட்டோமே...”

பெண்களின் படிப்புப் பேச்சு வந்தாலே, பல வீடுகளில் வரும் பதில் இது. “அவனுக்குப் படிப்பு, உனக்கு நகை. ரெண்டும் ஒண்ணுதான்.”

இரண்டும் ஒன்றல்ல. படிப்பு, படித்தவரிடமே இருக்கும். மாதாமாதம் சம்பளம் கொண்டுவரும். நகை பெரும்பாலும் புகுந்த வீட்டின் அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போகும். எங்கள் அக்காவுக்குப் போட்ட 15 பவுனில் இன்றைக்கு அவள் கழுத்தில் இருப்பது ஒரு தாலிக்கொடி மட்டுமே.

சட்டத்திலும்கூட அப்படிப் பண்டமாற்று இல்லை. 1956-ம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், ‘ஜீவனாம்சம்’ என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவத்தோடு கல்வியையும் சேர்த்தே சொல்கிறது. திருமணமாகாத மகளுக்கு, அவற்றுடன் நியாயமான திருமணச் செலவும் சேரும் என்கிறது. படிப்புக்குப் பதிலாகக் கல்யாணம் என்று அது சொல்லவில்லை.

சமமாகக் கொடுப்பதா, தேவைக்குக் கொடுப்பதா?

இதில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் நியாயம் உண்டு. மூன்றிலும் ஓட்டையும் உண்டு.

முதல் வழி, எல்லோருக்கும் ஒரே தொகை. சொல்லக் கேட்க நன்றாக இருக்கும். ஆனால், பத்து வருட இடைவெளியில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே தொகை என்பது ஒன்றாகாது. மூத்தவருக்கு 1 லட்சத்தில் முடிந்த படிப்பு, இளையவருக்கு 4 லட்சம் கேட்கும். உடல்நலக் குறைவோ, கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைக்குக் கூடுதலாகச் செலவாகத்தான் செய்யும். அதைப் போய்ப் பங்குக் கணக்கில் எழுத முடியாது.

இரண்டாவது, ஒரே வாய்ப்பு. அவரவர் எந்தப் படிப்புக்குத் தகுதி பெறுகிறார்களோ, அதை முடிக்கும்வரை பார்த்துக்கொள்வது. இது கொஞ்சம் மேலானது. ஆனால், என் மகள் கேட்ட கேள்வி இங்கேதான் எழுகிறது. மார்க் எடுத்து அரசு இடம் வாங்கிய பிள்ளைக்குக் குறைந்த செலவு, எடுக்காத பிள்ளைக்குப் பல லட்சம். நன்றாகப் படிக்கிற பிள்ளை குடும்பத்துக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த பணம், அதன் கண்ணெதிரிலேயே இன்னொருவருக்குப் போகிறது.

மூன்றாவது, திருப்பித் தரும் வழி. ஒருவர் படிக்கட்டும், அவர் சம்பாதித்து அடுத்தவரைப் படிக்க வைக்கட்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் மேலே வந்தன. ஆனால், இதில் முதலில் நிற்பவர் முதலில் படிப்பவராக இருக்க வேண்டும். முதலில் படிப்பை நிறுத்தியவராக இருந்துவிட்டால், அவருக்குத் திரும்பி வரும் முறை வருவதே இல்லை. எங்கள் அக்காவுக்கு நேர்ந்தது அதுதான்.

அரசு உதவியிலும் ‘யார் முதல்’ என்பது உண்டு!

பிறந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம், முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர் என யாரும் பட்டம் பெறாதிருந்தால், கவுன்சலிங் மூலம் தொழிற்கல்வியில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால், அடுத்த பிள்ளைக்கு அது கிடையாது. மூத்தவர் சலுகையில் படித்திருக்கிறார், இளையவருக்கு முழு ஃபீஸ் என்ற நிலை வரும். இதைப் பாரபட்சம் என்று இளையவர் நினைத்துக்கொள்ளாமலிருக்க, முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-ல் வந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024-ல் தொடங்கியது. இரண்டிலும் பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போகிறது. அதை எடுத்து வீட்டில் இன்னொருவரின் ஃபீஸுக்குப் போடுகிறவர்கள், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம்.

கல்விக் கடன் வாங்கும்போது கவனிக்க...

ஒரு பிள்ளைக்கு வாங்கும் கடன், மற்ற பிள்ளையையும் பாதிக்கும். இதைப் பலர் யோசிப்பதில்லை.

* வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், 4 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை. 4 முதல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம் கேட்கலாம். அதற்கு மேல் சொத்துப் பிணை கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்தை ஒரு பிள்ளைக்காக அடமானம் வைத்தால், எல்லாப் பிள்ளைகளின் பங்கும் அங்கே இருக்கிறது என்று பொருள். மற்றவர்களுக்குத் தெரியாமல் அதைச் செய்யக் கூடாது.

* கடனில் பெற்றோரும் சேர்ந்தே கையெழுத்திடுவார்கள். மூத்த பிள்ளை தவணையைக் கட்டத் தவறினால், பெற்றோரின் சிபில் மதிப்பெண்ணும் குறையும். அடுத்த பிள்ளைக்குக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

* படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லையே தவிர, வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ‘அவன் வேலைக்குப் போய்க் கட்டிக்குவான்’ என்று விட்டால், முடிவில் அசலைவிடக் கணிசமாகக் கூடிய தொகை நிற்கும்.

* பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை கழிவு உண்டு. கடனைக் கட்டுகிறவர் யாரோ அவருக்கே அது கிடைக்கும்.

சேமிப்பாக இருந்தால் வீட்டில் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அதற்கு எழுத்தே இருக்காது. கடன் என்றால் யார் பெயரில், எவ்வளவு என்று தாளில் இருக்கும். அந்த வகையில், ஒரு பிள்ளைக்கு மட்டும் பெரிய செலவு வரும்போது, கூடுதல் தொகையை அந்தப் பிள்ளையின் பெயரில் கடனாக வாங்குவதே உடன்பிறந்தவர்களுக்கு நியாயமாகத் தெரியும்.

அக்கா சொன்ன பதில்

பத்திரத்துக்கு முந்தைய இரவு, தொழில்புத்தி விடாமல் நான் ஒரு கணக்குப் போட்டேன். அக்கா எனக்குக் கட்டியது, எனக்கு நினைவிருக்கும் வரை, 14,000 ரூபாய். 25 வருடத்துக்கு 8 சதவிகித கூட்டு வட்டி போட்டால், கிட்டத்தட்ட 96,000 ரூபாய். தம்பிக்கு நிலம் விற்ற 1,40,000 ரூபாய்க்கு அதே வட்டி போட்டால், சுமார் 9.6 லட்சம். ஆனால், அந்த நிலத்தின் இன்றைய விலையைப் போட்டால் கணக்கே வேறு. அப்பாவின் டயாலிசிஸ் செலவைக் கழித்தால், அதுவும் வேறு. அக்கா படித்திருந்தால் வாங்கியிருக்கும் சம்பளத்தை எந்த விகிதத்தில் போடுவது? அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

காலையில் அந்தத் தாளை அக்காவிடமும் தம்பியிடமும் காட்டினேன். தம்பி ரொம்ப நேரம் பார்த்தான். “பெரியக்கா பேருக்கு மூணு சென்ட் எழுதிடலாம். நீயும் நானும் ஆளுக்கு ஒண்ணரை” என்றான்.

அக்கா ‘வேணாம்’ என்று சொல்வாள், நாங்கள் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

“குடுங்க, வாங்கிக்கறேன். இது எனக்கு வர வேண்டியதுதான்” என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்... “காசு இல்லைன்னு எனக்கும் தெரியும்மா. அதுல எனக்குக் கோவம் இல்ல. ஆனா, நிறுத்தும்போது ஒருத்தர்கூட என்னை உக்கார வெச்சு, ‘உனக்கு என்ன படிக்கணும்’னு கேக்கல. அப்ளிகேஷன் ஃபாரம் ஒரு வருஷம் பீரோவுல இருந்துச்சு. அப்புறம் யாரோ அதுல பால் கணக்கு எழுதியிருந்தாங்க.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு அப்போ கேக்கத் தோணல கண்ணு” என்றார். அவ்வளவுதான். அன்று மதியமே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம்.

கணக்கு நேரானதா என்றால், இல்லை. நானும் தம்பியும் விட்டுக்கொடுத்தது ஆளுக்கு அரை சென்ட்தான். அது ஒரு டிகிரிக்கு ஈடாகாது. ஆனால், அக்கா கட்டிய ஃபீஸ் முதல்முறையாக ஒரு தாளில், எல்லோர் முன்னாலும், எழுதப்பட்டது.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

மகள் கேள்வி கேட்ட அடுத்த ஞாயிறு, நான்கு பேரும் உட்கார்ந்தோம். சேமிப்பு எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு, வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு என்று பிள்ளைகளிடம் முதல்முறையாகச் சொன்னோம். பட்டப்படிப்பு, மேற்படிப்பு எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு எங்களால் கொடுக்க முடிவது 5 லட்சம். அதற்கு மேல் போனால், அவரவர் பெயரில் கல்விக் கடன். மகள் செலவழித்தது போக மீதித் தொகையை அவள் பெயரில் டெபாசிட் போட்டுவிடுவது. அவள் எம்.எஸ்சி. படிக்கலாம், போட்டித் தேர்வுக்குப் போகலாம். கல்யாணத்துக்கு மட்டும் அதைத் தொடுவதில்லை. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது நாள், அவனே தவணை, வட்டி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, “கவுன்சலிங்கிலேயே எது கிடைக்குதோ எடுத்துக்கறேம்மா” என்றான். கிடைத்த கல்லூரி, முதலில் பார்த்ததைப் போலப் பெயர் பெற்றதல்ல. ஆனால், அவன் கேட்ட பாடப்பிரிவு கிடைத்தது. ஹாஸ்டலோடு சேர்த்து 6 லட்சத்துக்குள் முடியும். மேலே வரும் 1 லட்சத்துக்குக் கடன் விண்ணப்பத்தை அவனே நிரப்பினான்.

மகள் இப்போது எம்.எஸ்சி. விண்ணப்பம் வாங்கியிருக்கிறாள். அது எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அதில் யாரும் பால் கணக்கு எழுத மாட்டோம்.